ரன்டைம் எரர் 200: ஒரு பென்டியம் 3 பெட்டியில் மூன்று காலத்து ஆட்டங்கள்

ஜாஸ் ஜாக்ராபிட் போன ஞாயிறு ஒருவழியாகச் சத்தத்தோடு ஓடிவிட்டது. 1994-இல் எபிக் மெகாகேம்ஸ் வெளியிட்ட அந்தப் பச்சை முயல் ஆட்டம்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. டூம், குவேக், ரோட் ராஷ் எல்லாம் அதற்கு முன்பே வழிக்கு வந்துவிட்டன. செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதில் பாதித் தகவல் அங்கங்கே பொறுக்கியது, இன்னொரு பெட்டி கையில் கிடைத்தால் எனக்கே திரும்பத் தேவைப்படும்.

"டாஸ்பாக்ஸ் போட்டால் பத்து நிமிஷ வேலையாச்சே" என்பீர்கள். டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம், டாஸ்பாக்ஸ் அந்தப் பழைய கணினியாக நடிக்கும் மென்பொருள். ஆமாம். ஆட்டம் ஆடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும், இலவசம், இன்றைய லேப்டாப்பிலேயே ஓடும், இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது வேறு. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டேஞ்சரஸ் டேவ், டூம் போன்ற டாஸ் ஆட்டங்கள். ரோட் ராஷ், நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ, குவேக் போன்ற விண்டோஸ் 98 காலத்துச் சரக்கு. அப்புறம் 386 என்ற பழைய, மெதுவான செயலியில் ஓட எழுதப்பட்டு, வேகமான கணினியில் தலைதெறிக்க ஓடும் விங் கமாண்டர் போன்ற ஆட்டங்கள். மூன்றும் ஒரே பெட்டியில், நிஜமான சவுண்ட் கார்டில். மூன்றுக்கும் வெவ்வேறு கணினி தேவை என்பதுதான் இதில் உள்ள சிக்கலே.

பெட்டி கிடைத்தது காயலான் கடையில். "தம்பி, ஓடுமான்னெல்லாம் கேக்காத, உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, எடை போட்டுத்தான் குடுப்பேன்" என்றார் கடைக்காரர். 650 ரூபாய் ஆனது. மூடியைக் கழற்றிப் பார்க்க விட்டார், அது போதும். இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் மதர்போர்டு, ஸ்லாட் 1-இல் பென்டியம் 3 500 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி ரேம், ரிவா டிஎன்டி2 எம்64 ஏஜிபி கார்டு, பிசிஐயில் ஒரு நெட்வொர்க் கார்டு. நான் முதலில் தேடியது இதையெல்லாம் இல்லை, போர்டின் கீழ்ப்பக்கம் கருப்பாக, நீளமாக ஐஎஸ்ஏ ஸ்லாட் (பிசிஐக்கு முந்தைய, பழைய வகைக் கார்டுகளைச் சொருகும் இடம்) இருக்கிறதா என்பதை. இரண்டு இருந்தன. டாஸ் ஆட்டங்கள் டிரைவர் மூலமாகச் சவுண்ட் கார்டைக் கேட்பதில்லை, நேராக 220 என்ற போர்ட் முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும். அங்கே ஆள் இருக்க வேண்டும். பிசிஐ கார்டுகள் அந்த ஆளாக நடிக்கும், சில நன்றாகவே நடிக்கும், ஆனால் ஐஎஸ்ஏ கார்டு நடிக்கத் தேவையில்லை.

கரண்ட்

பழைய பெட்டியை வாங்கியதும் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைத் தட்டிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகக் கழற்றி, 20 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்து, சுமைக்கு ஒரு உருப்படாத ஹார்ட் டிஸ்க்கை மாட்டி மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட் லைனில் 11.8, பரவாயில்லை. 5 வோல்ட் லைனில் 4.58. ஏடிஎக்ஸ் கணக்குப்படி ஐந்து சதவீதம்தான் ஏற இறங்கலாம், அதாவது 4.75-க்குக் கீழே போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் குப்பைக்குப் போனது.

புதியதை வாங்கும்போது ஒரு விஷயம். இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. அந்தக் காலத்து போர்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும்தான் இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். 20-க்கு மேல் இருந்தால் இந்த மாதிரிப் பெட்டிக்குத் தாராளம். 24 பின் கனெக்டரில் கூடுதலாக இருக்கும் நாலு பின் வெளியே தொங்கும், தொங்கட்டும்.

அடுத்து கெப்பாசிட்டர். செயலியின் ஸ்லாட்டை ஒட்டி இருந்தவற்றில் ஆறு, தலை உப்பி, இரண்டில் பழுப்பாகக் கசிவு காய்ந்திருந்தது. எல்லாம் 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். அதே 1500-இல் 10 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையாக வாங்கினேன். வோல்ட் கூடினால் தவறில்லை, ஆனால் உடம்பு பெருக்கும்: பழையது 8 மில்லிமீட்டர் விட்டம், கடையில் முதலில் கொடுத்தது 10. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் 10 உட்காராது, அளவுகோலோடு திரும்பப் போய் மாற்றி வாங்க வேண்டியதாயிற்று.

என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் பிளஸ் காலை உருக்கியது, மைனஸ் காலில் தோற்றது. மைனஸ் கால் போர்டுக்குள் இருக்கும் பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் வைக்கிற சூடெல்லாம் அதற்குள் ஓடிவிடுகிறது. 60 வாட் இரவல் வாங்கினேன். முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைக்க வேண்டும், அப்புறம் ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து, மறு காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்த்து, ஆட்டி ஆட்டி எடுத்தால் பல் மாதிரி வந்துவிடும். ஓட்டைக்குள் ஈயம் அடைத்துக்கொண்டால் பம்ப் வைத்து உறிஞ்சுவதை விட, சூடு பண்ணிக்கொண்டே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை உள்ளே விட்டுத் திருகினால் சுத்தமாகிறது, அந்த எஃகில் ஈயம் ஒட்டாது. கழற்றும் முன் எந்தப் பக்கம் மைனஸ் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போர்டில் அச்சடித்திருக்கும் வெள்ளை அரைவட்டத்தை எல்லாத் தயாரிப்பிலும் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள முடியாது.

சிஆர்2032 பேட்டரி 1.9 வோல்ட் காட்டியது, 3 இருக்க வேண்டும். மாற்றியதும் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருந்த சிமாஸ் செக்சம் எரர் நின்றது.

இன்னொரு சின்ன விஷயம், கேபினெட்டில் பிசி ஸ்பீக்கர் இல்லை. டேஞ்சரஸ் டேவுக்கு சவுண்ட் கார்டு தெரியாது, அந்த டுப்பு டுப்பு எல்லாம் பிசி ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். இருபது ரூபாய் பஸ்ஸர் ஒன்றை மாட்டிப் பார்த்தேன், கொசு கத்துவதைப் போலக் கேட்டது. வீட்டில் கிடந்த பழைய ரேடியோவின் 8 ஓம் ஸ்பீக்கரைப் பிய்த்து போர்டின் நாலு பின்னில் இரு ஓரத்திலும் சொருகியதும்தான் டேவ் டேவாக ஒலித்தான்.

டிஸ்க்

பெட்டியோடு வந்த ஹார்ட் டிஸ்க் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது, அதை நம்பி எதையும் எழுத முடியாது. அதற்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, பழைய கேமராக்களில் போடுவார்களே, அதுவேதான். அந்தக் கார்டுக்கு ஐடிஇ பாஷை இயல்பாகவே தெரியும் என்பதால் அடாப்டர் வெறும் பின் மாற்றும் தட்டுதான். 4 ஜிபி கார்டு, ஒரு 40 பின் அடாப்டர். கணினி ஆரம்பிக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் அதை உடனே கண்டுபிடித்தது. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் எஃப்டிஸ்கில் பெரிய டிஸ்க் வசதி வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம், இல்லையென்றால் எஃப்ஏடி16-இல் 2 ஜிபியோடு நின்றுவிடும். பார்ட்டிஷன் போட்டு, ஆக்டிவ் ஆக்கி, சிஸ்டம் ஃபைல்களோடு ஃபார்மட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் கருப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு மினுக் மினுக்.

இதில் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனது. கேபிளை மாற்றினேன், மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பரை மாற்றினேன், பயாஸில் எல்பிஏ-வை நார்மலாக்கிப் பார்த்தேன், அடாப்டர்தான் கோளாறு என்று இன்னொன்று ஆர்டர் போடும் வரை போய்விட்டேன். விஷயம் கார்டின் முதல் செக்டாரில் இருந்தது. கேமரா தன் வசதிக்கு ஃபார்மட் செய்யும்போது பார்ட்டிஷன் அட்டவணையையும் முடிவு அடையாளத்தையும் எழுதுகிறது, பூட் ஆகும் நிரலை எழுதுவதில்லை, அதற்கு எதற்கு அது. எஃப்டிஸ்க் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் சரி, நிரல் ஏற்கெனவே இருக்கிறது போல என்று விட்டுவிடுகிறது. எஃப்டிஸ்க் கட்டளையோடு சாய்கோடு போட்டு எம்பிஆர் என்று அடித்தால் நிரலைப் புதிதாக எழுதிவிடும். அடித்தேன், அடுத்த நிமிஷம் சி டிரைவ் பூட் ஆனது.

விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனை சிடியிலிருந்து நேராக நிறுவாமல், வின்98 ஃபோல்டரை முழுதாக சி டிரைவில் காப்பி செய்துகொண்டு அங்கிருந்து செட்டப்பை ஓட்டுவது நல்லது. பின்னால் ஒவ்வொரு டிரைவருக்கும் "சிடியைப் போடு" என்று கேட்கும் தொல்லை இல்லை. காப்பி செய்யும் முன், டிஸ்க் வேலையை வேகமாக்கும் ஸ்மார்ட்டிரைவ் நிரலை ஓட்ட மறக்காதீர்கள். அது இல்லாமல் காப்பி ஆக ஆரம்பித்ததைப் பார்த்து நான் சாப்பிடப் போய்விட்டு வந்தேன், பாதிகூட முடிந்திருக்கவில்லை. நிறுத்தி, ஸ்மார்ட்டிரைவ் போட்டு மறுபடி ஆரம்பித்ததும் சில நிமிஷத்தில் முடிந்தது.

ரேம் விஷயத்தில் பேராசை வேண்டாம். கடையில் பழைய எஸ்டிரேம் 256 எம்பி குச்சிகள் மலிவாகக் கிடைத்தன, மூன்று வாங்கினேன். ஒரு குச்சி 128 என்று காட்டியது. பழுதில்லை, அதில் எட்டே சிப்தான், 440பிஎக்ஸுக்கு அவ்வளவு அடர்த்தியான சிப்பில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள குச்சிதான் 256 ஆகத் தெரியும். சரி என்று ஏற்கெனவே இருந்த 128-ஐயும் சேர்த்து எல்லா இடத்தையும் நிரப்பினால், மொத்தம் 512-ஐத் தாண்டிவிட்டது. அப்போது விண்டோஸ் 98 டாஸ் ஜன்னலைத் திறக்கவே மெமரி போதாது என்கிறது. இருக்கிற ரேமின் அளவுக்கு ஏற்ப டிஸ்க் கேஷை அது பெருக்கிக்கொண்டே போய், முகவரிகளை அதுவே தின்றுவிடுகிறது. சிஸ்டம்.ஐஎன்ஐ-இல் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம். நான் ஒரே ஒரு 256 குச்சியோடு நிறுத்திக்கொண்டேன், 1990-களின் எந்த ஆட்டத்துக்கும் அதுவே ஜாஸ்தி.

சத்தம்

சவுண்ட் பிளாஸ்டர் 16, ஐஎஸ்ஏ, ஜம்பர் வைத்தது, சென்னை ரிச்சி தெருவில் 900 ரூபாய். பெட்டியை விடக் கார்டு விலை அதிகம். "சார், இதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா" என்று சிரித்த பையன்தான் விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. வாங்கும் முன் பூதக்கண்ணாடி வைத்து ஒய்எம்எஃப்262 என்று எழுதிய யமஹா சிப் இருக்கிறதா பார்த்தேன். அதுதான் ஓபிஎல்3, டாஸ் ஆட்டங்களின் இசை அதிலிருந்துதான் வரும். இதே பெயரில் வந்த பிற்காலக் கார்டுகள் சிலவற்றில் அந்த சிப்புக்குப் பதில் அதைப் போலச் செய்யும் வேறு சுற்று இருக்கும், வேலை செய்யும், ஆனால் சத்தத்தில் ஒரு தகரத்தன்மை.

டூம் செட்டப்பில் போர்ட் 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 என்று கொடுத்து ஆரம்பித்தேன். இசை அருமையாக வந்தது. துப்பாக்கியைச் சுட்டால் அந்தச் சத்தத்தின் முதல் துணுக்கு கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது, கதவு திறந்தாலும் அதே துணுக்கு.

இந்த அறிகுறியைக் கொஞ்சம் நின்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். இசைக்கு போர்ட் முகவரி மட்டும் போதும், இன்டரப்டும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். இசை வருகிறது, ஆக கார்டு உயிரோடு இருக்கிறது, போர்ட் சரி. துப்பாக்கிச் சத்தத்தின் துணுக்காவது வருகிறது, ஆக மெமரியிலிருந்து கார்டுக்கு டேட்டாவைக் கொண்டுபோகும் டிஎம்ஏ சரி. ஒரு துணுக்கு முடிந்ததும் "முடிந்தது, அடுத்ததைக் கொடு" என்று கார்டு செயலிக்குச் சொல்வதுதான் இன்டரப்ட். அது போய்ச் சேரவில்லை, அதனால் பழைய துணுக்கே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இதை யோசிப்பதற்கு முன் நான் ரப்பர் வைத்துக் கார்டின் தங்கப் பற்களைத் தேய்த்ததும், பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றியதும் வீண் வேலை. தேய்த்ததில் கார்டு பளபளப்பானது, அவ்வளவுதான்.

அப்படியானால் 5-ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். கணினி ஆரம்பிக்கும்போது பிசிஐ சாதனங்களின் பட்டியல் ஒன்று கண் இமைக்கும் நேரம் திரையில் வந்து போகும், பாஸ் பட்டனை அழுத்தினால் நிற்கும். நிறுத்திப் பார்த்தேன். நெட்வொர்க் கன்ட்ரோலர், நேரே 5. ஜம்பர் கார்டு தன்னைப் பற்றி பயாஸிடம் எதுவும் சொல்லாது, அதனால் 5 காலி என்று நினைத்து பயாஸ் அதைத் தூக்கி நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிட்டது. பயாஸில் பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1, டிஎம்ஏ 5 மூன்றையும் லெகசி ஐஎஸ்ஏ என்று மாற்றினேன். நெட்வொர்க் கார்டு 11-க்குப் போனது, டூமில் துப்பாக்கி வெடித்தது. இந்தக் கார்டில் இன்டரப்டும் டிஎம்ஏவும் ஜம்பரில் இல்லை, மென்பொருளில் என்பதால், கூட வந்த டயக்னோஸ் நிரலை ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் ஒரு வரியாகப் போட்டுவைக்க வேண்டும், கார்டின் எண்களைச் சொல்லும் பிளாஸ்டர் வரிக்குக் கீழே.

குவேக்கில் வேறு பஞ்சாயத்து. வெடிச் சத்தம் எல்லாம் வருகிறது, பின்னணி இசை இல்லை. குவேக்கின் இசை, நைன் இன்ச் நெய்ல்ஸ் செய்தது, சிடியில் சாதாரண ஆடியோ டிராக்குகளாக இருக்கிறது. சிடி டிரைவ் அதைத் தானே பாட்டாக மாற்றி அனலாக்காக வெளியே அனுப்பும். சிடி டிரைவின் முன்பக்க ஓட்டையில் ஹெட்போனைச் சொருகினேன், இசை ஓடிக்கொண்டிருந்தது. ஆக டிரைவும் சிடியும் ஆட்டமும் சரி, டிரைவின் பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போக வேண்டிய நாலு பின் ஆடியோ ஒயர்தான் பெட்டியில் இல்லை. யாரோ எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். ஐம்பது ரூபாய்.

இது ஒன்றை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கைமாறிய ஆட்டங்களில் நிறைய, இடத்தைக் குறைப்பதற்காக இசையும் வீடியோவும் வெட்டப்பட்டவை. குவேக்கை இசையே இல்லாத, வெறும் உறுமல் மட்டும் உள்ள ஆட்டம் என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியும் பயமாகத்தான் இருந்தது.

விண்டோஸ் ஆட்டங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, டிரைவர் சரியாக உட்கார்ந்ததும் ரோட் ராஷ் ஓடியது, சங்கிலி சுழற்றலாம். நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இக்கு இந்த டிஎன்டி2 கார்டால் பிரயோஜனம் இல்லை. அந்த ஆட்டத்துக்கு 3டிஎஃப்எக்ஸின் கிளைடு தெரியும், இல்லாவிட்டால் செயலியை வைத்தே வரைந்துகொள்ளும். 500 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமையே இல்லை. கிளைடு தெரிந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டுகள் இன்று விற்கிற விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

திரைக்கு முதலில் வீட்டில் இருந்த அகலத் திரையை மாட்டினேன். டாஸ் ஆட்டங்களின் 320-க்கு 200 படத்தை அது இழுத்து நிரப்பியதில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா இளவரசர் குண்டடித்து, தாவும்போது இடையில் தொப்பை தெரிந்தது. பழைய 15 அங்குல, 1024-க்கு 768 எல்சிடி ஒன்று 500 ரூபாய்க்குக் கிடைத்தது. 4:3 அளவு, இளவரசர் ஒல்லியாகிவிட்டார்.

வேகம்

இனி முயல். ஆரம்பித்த உடனே ஒற்றை வரி: ரன்டைம் எரர் 200. அந்த எண்ணுக்கு அர்த்தம் பூஜ்யத்தால் வகுத்தல். ஆனால் இங்கே பூஜ்யமே கிடையாது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்களில் ஒரு பழக்கம் உண்டு: ஆரம்பிக்கும்போது, கணினியின் கடிகாரம் ஒருமுறை துடிக்கும் 55 மில்லிசெகண்டுக்குள் ஒரு சும்மாச் சுற்றை எத்தனை தடவை ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை என்று குறித்துக்கொள்ளும். விடையை வைக்க 16 பிட் இடம், அதாவது 65535 வரை. எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டினால் விடை அந்த இடத்தில் கொள்ளாது, செயலி வகுத்தல் பிழை என்று கத்தும், பாஸ்கல் அதைப் பூஜ்யத்தால் வகுத்ததாக நினைத்துக்கொள்ளும். 1994-இல் அந்த எண்ணிக்கையை எட்டும் கணினி வீட்டில் யாரிடமும் இல்லை. 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் பிரச்சினை தலைகாட்ட ஆரம்பித்தது, 500-இல் நிச்சயம்.

முதல் வழி, கணினியை மெதுவாக்குவது. பயாஸில் சிபியூ இன்டர்னல் கேஷை (செயலிக்குள் இருக்கும் வேகமான சின்ன மெமரி) அணைத்தால் பென்டியம் 3 ஒரே அடியில் 386 பக்கம் இறங்கிவிடுகிறது. நம்ப மாட்டீர்கள், மெமரி எண்ணிக்கை திரையில் ஓடுவதே நொண்டுகிறது. அந்த நிலையில் தெரியாமல் விண்டோஸை ஆரம்பித்துவிட்டு, மேகப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. ஜாஸ் பிழையில்லாமல் தொடங்கியது. ஆனால் முயல் ஆமையாகிவிட்டது, ஒரு தாவல் தாவினால் இறங்குவதற்குள் கொட்டாவி வரும். அந்த ஆட்டத்துக்கு 486 ஆவது வேண்டும்.

இரண்டாவது வழிதான் சரியானது. அந்த வகுத்தல் பிழையை நடுவில் பிடித்து, விடையாக ஒரு பெரிய எண்ணை வைத்து மேலே போகச் சொல்லும் சின்னஞ்சிறு நிரல்கள் உண்டு, ஆட்டத்துக்கு முன் ஒருமுறை மெமரியில் ஏற்றினால் போதும். ஆட்டத்தின் ஃபைலையே திருத்தும் பேட்ச் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், என்னிடம் இருந்த ஃபைல் சுருக்கி வைக்கப்பட்டது என்பதால் அதற்குத் திருத்த வேண்டிய இடம் தெரியவில்லை. மெமரியில் ஏற்றும் வழியில் கேஷும் அணைக்காமல் முழு வேகத்தில் ஜாஸ் ஓடியது. ஆட்டம் தன் வேகத்தைக் கடிகாரத்தை வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறது, அந்த ஆரம்பக் கணக்கு மட்டும்தான் வில்லன்.

கேஷ் அணைக்கும் வித்தை வீணாகவில்லை. விங் கமாண்டருக்கு அதுதான் மருந்து. அது வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் செயலி போகிற போக்கில் ஓடும் ஆட்டம், முழு வேகத்தில் எதிரிக் கப்பல் திரையில் வந்ததும் போனதும் தெரியாது. கேஷ் இல்லாமல் பறக்க முடிகிறது.

ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குப் போய் மாற்ற அலுப்பாக இருக்கிறது என்று கான்ஃபிக்.சிஸ்ஸில் மூன்று தேர்வுள்ள மெனு போட்டேன். ஒன்று விண்டோஸ். இரண்டு, சிடி, மவுஸ் எல்லாம் உள்ள டாஸ். இதில் எல்லாவற்றையும் கீழே ஏற்றியபோது 640-இல் 520 கேபிதான் மிஞ்சியது, ஈஎம்எம்386 என்ற மெமரி நிர்வாகியைப் போட்டு டிவைஸ்ஹை, எல்எச் வைத்து மேலே தள்ளியதும் 600-ஐத் தாண்டியது. மூன்று, ஒன்றுமே இல்லாத சுத்த டாஸ், இதில் டாஸிலிருந்தே கேஷை அணைக்கும் நிரல் ஒன்று தானாக ஓடும். இந்த மூன்றாவதில் ஈஎம்எம்386 கண்டிப்பாகக் கூடாது. அது ஏறிவிட்டால் செயலியின் கட்டுப்பாடு அதன் கைக்குப் போய்விடும், கேஷை அணைக்கும் நிரல் தொங்கிவிடும், இல்லையென்றால் எதுவும் செய்யாது.

மொத்தச் செலவு: பெட்டி 650, எஸ்எம்பிஎஸ் 850, சவுண்ட் கார்டு 900, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் அடாப்டரும் சேர்த்து 1100, திரை 500, ரேம் 450, கெப்பாசிட்டர், பேட்டரி, ஒயர், ஈயம் என்று சில்லறைச் சாமான் 300 போல. 4750 ரூபாய். இதில் ரேமில் பாதிக்கு மேல் தண்டம்.

மறுபடி செய்வதாக இருந்தால் பென்டியம் 3 எடுக்க மாட்டேன். சூப்பர் சாக்கெட் 7 போர்டில் ஏஎம்டி கே6-2 பிளஸ் கிடைத்தால், அதன் மல்டிபிளையரை டாஸிலிருந்தே சின்ன நிரல் வைத்து ஏற்றி இறக்கலாம், கேஷையும் தனியாக அணைக்கலாம், ஆக 386, 486, பென்டியம் என்று நடுவிலும் படிகள் கிடைக்கும். என் பெட்டியில் இருப்பது மேல் மாடியும் கீழ்த் தளமும் மட்டும்தான், 486 இல்லை. பேட்டரியையும் கெப்பாசிட்டரையும் பார்ப்பதற்கு முன் சவுண்ட் கார்டு வாங்க ஓட மாட்டேன். காம்பாக்ட் ஃபிளாஷைக் கையில் எடுத்ததும் முதல் கட்டளையாக அந்த எம்பிஆர் வரியை அடித்துவிடுவேன். இன்னும் ஃப்ளாப்பி டிரைவ் பாக்கி. அதன் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, அப்படியென்றால் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், ஆனால் அதைத் திருப்பி மாட்ட ஏஜிபி கார்டைக் கழற்றியாக வேண்டும், இப்போதைக்கு முயல் இரண்டாவது கிரகத்தில் இருக்கிறது.